கிளிக்காரரின் வீரத் தழும்புகள்

மசோதா நிறைவேறிவிட்டது என்று செய்தி வந்ததும் நான் அலுவலகத்தின் நட்ட நடுவில் நின்று விசிலடித்தேன். தொலைத்தொடர்பு ஆணையத்தில் அமலாக்க அதிகாரி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அம்மா, இரண்டு விரலை வாயில் வைத்து விசில்! இயக்குநர் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். "இன்னொரு தடவை அடிங்க," என்றார்.

எங்கள் கதை தெரிந்தால் நீங்களும் அடித்திருப்பீர்கள். சட்டவிரோதமாக ஃபோன் செய்து ஜனங்களின் உயிரை வாங்கும் கம்பெனிகளைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. அபராதம் போடுவதும் எங்கள் வேலை. வசூலிப்பது மட்டும் எங்கள் வேலை இல்லையாம்! அதற்கு வேறொரு துறையின் வக்கீல்களுக்குக் கோப்பை அனுப்ப வேண்டும். அவர்களுக்குக் கொலை, கொள்ளை, லஞ்சம் என்று தலைக்கு மேல் வேலை. எங்கள் கோப்பு அங்கே போய்ப் படுத்தால் படுத்ததுதான். அபராதம் போட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது ஆணையமே தன் பெயரில் கோர்ட்டுக்குப் போகலாம், உத்தரவு வாங்கலாம், கட்டாதவன் சொத்தை ஜப்தி செய்யலாம். பழைய பாக்கிக்கும் இது செல்லும்.

"முதல்ல யாரு?" என்று கேட்டார் இயக்குநர்.

"கிளிக்காரர்," என்றேன். யோசிக்கவே இல்லை.

அது நாங்கள் வைத்த பெயர். அந்த ஆளின் மெஷின்கள் நாள் முழுக்க ஊரில் உள்ள எல்லா எண்களுக்கும் அடித்து, கிளிப்பிள்ளைபோலச் சொன்னதையே சொல்லும். மூன்று கம்பெனி நடத்தினார், மூன்று முறை அபராதம் போட்டோம். ஒவ்வொரு முறையும் கம்பெனியை மூடிவிட்டுப் புதுப் பெயரில் கடையைத் திறந்தார். ஜனங்கள் எடுக்க வேண்டும் என்பதற்காக அடுத்தவர் எண்ணைத் திருடிப் போட்டுக்கொள்வார். ஒரு நாள் வங்கி எண் மின்னும், ஒரு நாள் பள்ளிக்கூடத்தின் எண். சமீபகாலமாகப் பெரிய ஆஸ்பத்திரியின் எண்.

அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. என் அத்தானுக்கு, அக்காவின் வீட்டுக்காரருக்கு, இரண்டு கிட்னியும் போய்விட்டது. லாரி ஷெட்டில் இஞ்சினைத் தனியாளாக இறக்கி வைத்த மனிதர், வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறார். மாற்று கிட்னிக்குப் பதிந்து வைத்திருக்கிறோம். கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வரும். எடுக்காவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தக் கிட்னி காத்திருக்காது.

அக்கா அதற்காகவே ஒரு முறை கண்டுபிடித்திருந்தாள். ஃபோனை எடுப்பாள், ஸ்பீக்கரில் போடுவாள், வாயைத் திறக்க மாட்டாள். நாம் ஹலோ சொன்னால்தான் கிளி பேசத் தொடங்கும். மனிதராக இருந்தால் தானாகப் பேசுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கிளிக்காரர் சும்மா இருப்பாரா? மெஷினுக்கே ஹலோ சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டார். "ஹலோ, கேக்குதுங்களா?" என்று ஒரு பெண் குரல் கொஞ்சலாகக் கேட்கும். ஆமாம் என்று சொன்னால் போச்சு, ஆரோக்கியத் திட்டம், சலுகை விலை என்று ஆரம்பித்துவிடும்.

மசோதா நிறைவேறுவதற்கு முந்தின மாதம் ஒரு பகலில், அதற்கு முன்பே பலமுறை அடித்து ஓய்ந்திருந்த அதே ஆஸ்பத்திரி எண்ணிலிருந்து, "ஹலோ, கேக்குதுங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். அக்கா துண்டித்தாள். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தாள். அது நிஜமான நர்ஸ் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கிட்னி வேறொருவருக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அத்தான்தான் அவளைத் தேற்றினார். "விடுடி, அந்தக் கிட்னிக்கு என்னைப் பிடிக்கலபோல," என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது.

வீட்டு விஷயமும் இதில் இருக்கிறது என்று இயக்குநரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "அபராதம் அதுக்கு முன்னாடியே போட்டதுதானே? போய் வசூல் பண்ணிட்டு வாங்க," என்றார்.

கோர்ட் உத்தரவு கைக்கு வந்த காலையில் என் கால் தரையில் நிற்கவில்லை. கோர்ட் அமீனா, எங்கள் டெக்னீஷியன், நான், மூன்று பேரும் வேனில் போனோம். அமீனா தொப்பையும் தூக்கக் கண்ணுமாக இருந்தார். இந்த ஆளா ஜப்தி பண்ணப் போகிறார் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கிளிக்காரரின் அலுவலகம் பளிங்குத் தரையும் குளிர்சாதனமுமாகக் கல்யாண மண்டபம்போல இருந்தது. வரவேற்பறையில் அவரே வந்தார். வெள்ளைச் சட்டை, வாயெல்லாம் பல்.

"வாங்க மேடம், வாங்க! புதுசா அபராதம் போட வந்தீங்களா?"

"போட்டதை வாங்க வந்திருக்கேன்," என்று உத்தரவை நீட்டினேன்.

படித்தார். பல் கொஞ்சம் உள்ளே போனது. ஆனாலும் ஆள் அசரவில்லை. "அடடா, தப்பான இடத்துக்கு வந்துட்டீங்களே. அந்தக் கம்பெனியெல்லாம் மூடியாச்சு. இது என் மச்சானோடது. மெஷினும் அவனோடதுதான். நான் சும்மா காபி குடிக்க வந்தேன்."

எனக்கு வசவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மச்சான் பெயரில் இருந்தால் தொட முடியாது. இன்னொரு முறை கோர்ட்டுக்குப் போய், இன்னொரு உத்தரவு வாங்கி வருவதற்குள் மெஷினே இந்த இடத்தில் இருக்காது. அங்கே அத்தானின் ஃபோனில் கிளி கத்திக்கொண்டே இருக்கும்.

அமீனா என்னைக் கவனிக்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தங்கநிறச் சட்டம் போட்டு மூன்று காகிதங்கள் மாட்டியிருந்தன. நான் கிட்டே போனேன். மூன்றும் எங்கள் அபராத உத்தரவுகள்! ஒன்றின் கீழே என் கையெழுத்துகூட இருந்தது. நடுவில் கிளிக்காரர் கைகட்டி நிற்கும் புகைப்படம். அடியில் ஒரு பித்தளைத் தகடு: 'நம் நிறுவனத்தின் வீரத் தழும்புகள் – நிறுவனர்.'

"இது யாரு சார்?" என்று அமீனா கேட்டார்.

"அது... சும்மா தமாஷுக்கு."

"தமாஷ் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம் நிறுவனம்னு போட்டிருக்கே. உங்க மச்சான் கம்பெனிச் செவுத்துல உங்க படத்த மாட்டி, நிறுவனர்னு எதுக்கு எழுதி வெச்சாரு?"

இத்தனை வருஷமாக யாரும் வசூலிக்க வரமாட்டார்கள் என்ற தைரியத்தில், எங்களைக் கிண்டல் செய்யக் கிளிக்காரரே மாட்டியது! அமீனா தகட்டைப் படம் எடுத்தார், சட்டங்களைக் கழற்றி வேனுக்கு அனுப்பினார். அவரைத் தப்பாக நினைத்ததற்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"பாதி இப்பவே கட்டிடறேன்," என்று கிளிக்காரர் இறங்கி வந்தார்.

"பேங்குக்கும் காலையிலயே உத்தரவு போயிடுச்சு சார். உங்க கணக்குல இருந்து நீங்க ஒண்ணும் எடுக்க முடியாது. உள்ள ரூம் சாவியைக் குடுங்க," என்றார் அமீனா.

உள்ளே அலமாரி அலமாரியாக மெஷின்கள் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. இத்தனை வீடுகளில் சத்தம் போடுவது இங்கே ஊமையாக நிற்கிறது! டெக்னீஷியன் முதன்மை இணைப்பைத் தேடிப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "மேடம், நீங்களே பிடுங்குறீங்களா?"

கேட்க வேண்டுமா? பிடுங்கினேன். பச்சை விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன. எனக்கு மறுபடி விசிலடிக்கத் தோன்றியது, அமீனா இருந்ததால் அடக்கிக்கொண்டேன். வாசலுக்கு ஓடி வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"கிளி செத்துப்போச்சுக்கா! இனிமே அந்த நம்பர்ல வந்தா ஆஸ்பத்திரிதான். எடுத்த உடனே பேசு."

"நெசமாவாடி?" என்றாள். பிறகு வெகுநேரம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

அதன்பின் அந்த வீட்டு ஃபோன் அடிக்கவே இல்லை. அத்தானுக்கு அமைதி பழகவில்லை. ஃபோன் கெட்டுப்போச்சோ என்று பயந்து, "மச்சினி, ஒரு தடவை அடிச்சுப் பாரேன்," என்று தினமும் என்னைக் கேட்பார். நானும் அடிப்பேன். "நல்லாத்தான் இருக்கு," என்று வைத்துவிடுவார்.

ஒரு விடுமுறை நாளில் நான் அங்கே போயிருந்தேன். அக்கா அத்தானுக்கு மதியச் சாப்பாடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரி எண். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, கேக்குதுங்களா?"

அதே வார்த்தை. அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். அவள் விரல் துண்டிக்கும் பொத்தானுக்குப் போனது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"அக்கா, பேசு! அது கிளி இல்ல, கிளிய நான்தான் கொன்னேன், பேசித் தொலைடி!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவளை நான் 'டி' போட்டதே இல்லை.

"ஹ... ஹலோ," என்றாள் அக்கா.

"கிட்னி ஒண்ணு வந்திருக்குங்க. உங்க வீட்டுக்காரருக்குப் பொருந்துது. உடனே கிளம்பி வரணும். ஆபரேஷனுக்கு வயிறு காலியா இருக்கணும், கடைசியா அவர் எப்ப சாப்பிட்டாரு?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். அத்தான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார், கையில் உருட்டிய கவளம் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. நான் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டு, தட்டையும் பிடுங்கிக்கொண்டேன்.

"காலைல சாப்பிட்டதுதாங்க!" என்று அக்கா ஃபோனுக்குள் அலறினாள். "அதுக்கப்புறம் ஒரு பருக்கை உள்ள போகல! இதோ வந்துட்டோம்!"