உங்க ஏசி நல்லா வேலை செய்யுது போல

கியோட்டோவின் அந்தச் சந்தில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நிஷிவாகி இகுயோவின் சமையலறை ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டுக் குவாபராவின் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டு நுழையலாம், அவ்வளவுதான் இடம். அந்த இடுக்கில்தான் குவாபராவின் ஏசிப் பெட்டி இருந்தது. கோடை முழுக்க அது இகுயோவின் ஜன்னலைப் பார்த்து அனலைக் கக்கியது. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர். காற்று அசையாது. பொழுது சாய்ந்தாலும் ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டது மாதிரிப் புழுங்கும். அதோடு இந்தச் சூடும் சேர்ந்துகொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இகுயோவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாகச் சமைத்துப் போட்டவள். "சூடு எனக்குப் புதுசா?" என்று தானே சொல்லிக்கொள்வாள். கணவர் போய் ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. பேச்சென்றால் சந்துக்காரர்களோடு பேசுவதுதான். கோடையில் அந்தப் பேச்சும் "என்ன வெயில்", "ஆமா, என்ன வெயில்" என்று சுருங்கிவிடும்.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் காலை, குப்பைப் பையைக் காக்கை கிளறாமல் போட்டிருக்கும் வலைக்கடியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது குவாபரா எதிரே வந்தாள். எண்பத்தொரு வயது, வீட்டில் தனி ஆள். நடை தளர்ந்திருந்தாலும் தலைமுடியை ஒரு நாளும் கலைய விடாதவள். இகுயோ குனிந்து வணங்கிவிட்டு, சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"குவாபரா சான், உங்க ஏசி நல்லா வேலை செய்யுது போல. எங்க சமையக்கட்டு வரைக்கும் தெரியுது."

குவாபராவின் கால் ஒரு கணம் நின்றது. பிறகு அவளும் சிரித்தாள். "ஐயோ, அப்படியா? வயசான காலத்துல சொகுசு பழகிட்டேன் பாருங்க."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான் பேச்சு. யார் குரலும் உயரவில்லை. அந்தச் சந்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். பாராட்டுவார்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெட்கப்பட வேண்டும், அதுதான் வழக்கம். குவாபரா இந்த ஊர்க்காரி அல்ல, தெற்கே ககோஷிமாவிலிருந்து மருமகளாக வந்தவள். வந்த புதிதில் யார் எப்படிப் பாராட்டினாலும் வாயெல்லாம் பல்லாக நன்றி சொல்வாளாம். சந்தே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அப்போது பள்ளிப்பெண்ணாக இருந்த இகுயோவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இதெல்லாம் ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அதற்குப் பிறகு குவாபரா இந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஏசிப் பெட்டி மூச்சு விடவில்லை. இகுயோ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் குவாபரா வீட்டுத் தபால் பெட்டியில் செய்தித்தாள்கள் பிதுங்க ஆரம்பித்தன. அக்கா மகனைப் பார்க்க ஊருக்குப் போயிருப்பாள் என்று இகுயோ நினைத்தாள். கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். அந்தக் காலைக்குப் பிறகு இருவருக்கும் நடுவே வெறும் வணக்கம்தான் இருந்தது, தட்டக் கூச்சமாக இருந்தது. நான்காம் நாள் பேப்பர் போடுகிறவர்தான் போலீசுக்குச் சொன்னார். உள்ளே குவாபரா இறந்து கிடந்தாள். ஜன்னல்கள் மூடியிருந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏசி நிறுத்தியிருந்தது.

"வயசானவங்களுக்குச் சூடு உறைக்கறதே இல்ல. மின்சாரத்த வேற மிச்சம் பிடிப்பாங்க. என்னத்தச் சொல்ல" என்றார்கள் சந்தில். ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். இகுயோவும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. அதுதான் அவளைப் பிறகு பயமுறுத்தியது.

அடுத்த கோடை வந்தது. தன் வீட்டு மாடியில் இருந்த ஏசியைப் போட அவளுக்குக் கை வரவில்லை. ரிமோட்டை எடுப்பாள், பார்ப்பாள், வைத்துவிடுவாள். பார்லி தேநீரும் உப்பு மிட்டாயும் ஈரத் துண்டுமாக ஜூன் மாதத்தை ஓட்டினாள். ஜூலை ஆரம்பத்தில் காய்கறிக் கடை வாசலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள்.

"ஏசி இல்லையா வீட்டில?" என்று கேட்டார் டாக்டர்.

"இருக்கு."

"அப்ப போடுங்கம்மா. போட மனசு வரலேன்னா குளிர்ந்த ஊராப் பாத்துப் போயிடுங்க. இன்னொரு தடவ இப்படி விழுந்தா நான் பொறுப்பில்ல."

வடக்கே குஷிரோ என்ற கடலோர ஊரில் கோடையிலும் சட்டைக்கு மேல் கம்பளி போட வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். குடிவர நினைக்கிற வயதானவர்கள் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கலாமாம். எழுதிப் போட்டாள், இடம் கிடைத்தது. "டாக்டர் சொல்லிட்டார்" என்று சந்தில் எல்லாரிடமும் சொன்னாள். டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனாலும் குவாபரா வீட்டுச் சுவரைப் பார்க்காமல் பாத்திரம் கழுவ ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றுதான் அவள் மனசு அடித்துக்கொண்டது.

குஷிரோவில் இறங்கியபோது ஊர் மூடுபனிக்குள் இருந்தது. கடல் எங்கே, தெரு எங்கே என்று பிரியவில்லை. வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்கிற ஒபாட்டா என்ற பெண் சாவியைக் கொடுத்து, மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

"ஜூலைல அடுப்பா?" என்றாள் இகுயோ.

"கியோட்டோக்காரங்க எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. நாளைக்குக் காலைல நீங்களே பத்த வைப்பீங்க, பாருங்க."

அப்படியே ஆயிற்று. முதல் இரவு கனத்த போர்வைக்குள் ஒரே தூக்கம் தூங்கினாள். ஒரு வருஷமாக அப்படித் தூங்கியதில்லை. விழித்ததும், ஏதோ திருடிவிட்டு வந்தது போல இருந்தது.

நாள்கள் நகர்ந்தன. காலையில் மீன் சந்தைக்குப் போவாள். ஒரு துண்டு மீன் கேட்டால், "ஒண்ணே ஒண்ணா?" என்பான் கடைக்காரன். "ஒண்ணே ஒண்ணுதான்." திரும்பி வந்து பொரித்துச் சாப்பிடுவாள். மற்ற வீடுகளில் தங்கியிருந்தவர்கள் ஜோடி ஜோடியாகக் கோல்ஃப் ஆடப் போனார்கள். அவளைப் பார்த்தால் கைகாட்டுவார்கள், நிற்கமாட்டார்கள். "என்ன வெயில்" என்று சொல்லி யாரையும் நிறுத்த வழியில்லை, வெயிலே இல்லையே. சில நாள் சாயங்காலம் வரை அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அந்த மீன் கடையில் சொன்னது மட்டும்தான். பனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். பாத்திரம் கழுவினால் எதிரே சுவர் இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத வெள்ளையில் குவாபராவின் கால் ஒரு கணம் நின்றது மட்டும் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

ஆகஸ்டு தொடங்கியதும் ஒபாட்டா வந்தாள். "எப்படி இருக்கு? குடி வந்துடலாம்னு தோணுதா?"

"உடம்புக்கு நல்லாருக்கு."

"மனசுக்கு?"

இகுயோ தேநீரை ஊற்றினாள். "ஓபோனுக்கு ஊருக்குப் போயிட்டு வரணும்" என்றாள். ஆகஸ்டு நடுவில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போகும் பண்டிகை அது.

"இந்தச் சூட்டுலயா? இங்க இருந்தே வீட்டுக்காரருக்கு விளக்கு ஏத்துங்களேன்."

"அவர் கியோட்டோவ விட்டு வெளிய போனதே இல்ல. வழி தெரியாம நிப்பார்" என்றாள் இகுயோ. ஒபாட்டா சிரித்தாள். இகுயோவும் சிரித்தாள். அந்த நான்கு நாளில் பக்கத்து வீட்டுக்கும் ஒருத்தி வருவாள், அவளுக்கு அது முதல் ஓபோன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கியோட்டோவில் இறங்கியதும் சூடு முகத்தில் அறைந்தது. வீடு பூட்டிய அடுப்பாகக் கிடந்தது. முதல் வேலையாக மாடி ஏசியைப் போட்டாள்.

பதினான்காம் தேதி மத்தியானம், பழக்கூடையோடு குவாபரா வீட்டுக்குப் போனாள். அக்கா மகன் முனேஹிரோ வந்திருந்தான். ககோஷிமாக்காரன், ஐம்பத்தைந்து வயது, கதவுக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கிற குரல்.

"வாங்க வாங்க, நிஷிவாகி சான்! சித்தி உங்களப் பத்திச் சொல்லியிருக்காங்க. உக்காருங்க."

மாடத்தில் குவாபராவின் படம் இருந்தது. கலையாத முடி. இகுயோ ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, திரும்பி, தரையில் கையூன்றினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருஷம் ஜூலைல, உங்க சித்திகிட்ட நான் சொன்னேன், உங்க ஏசி நல்லா வேலை செய்யுது போல, எங்க சமையக்கட்டு வரைக்கும் தெரியுதுன்னு."

முனேஹிரோ காத்திருந்தான். "ம். அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"சரி, அதுக்கென்ன? ஏசி நல்லாத்தானே இருந்துது. நான்தான் வாங்கி மாட்டிவிட்டேன்." அவனுக்குப் பெருமைகூட வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்க வந்தவளின் பேச்சைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறான் இவன். எழுந்து போய்விடலாம். அவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஒரு சின்ன வணக்கம், அதோடு முடிந்துவிடும். அவள் எழுந்திருக்கவில்லை.

"அது பாராட்டு இல்ல" என்றாள். "அனல் என் பக்கம் அடிக்குது, நிறுத்துங்கன்னு அர்த்தம். அவங்களுக்கு உடனே புரிஞ்சுது. அன்னிலேருந்து அவங்க ஏசியே போடல. எனக்கு அது தெரியும். சத்தம் நின்னுபோச்சேன்னு நான் நல்லாத் தூங்கினேன்."

வாழ்நாளில் இப்படி மேல்பூச்சு இல்லாமல் அவள் பேசியதில்லை. வெளியே சிள்வண்டுகள் காதைத் துளைத்தன. முனேஹிரோ கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் ஃபோன் பண்ணினேன்" என்றான் கடைசியில். குரல் இறங்கிவிட்டிருந்தது. "ரொம்ப புழுக்கமா இருக்குடான்னாங்க. ஏசிய போடுங்க சித்தின்னேன். சரி சரின்னாங்க. டிவில மேட்ச் ஓடிட்டிருந்துது. வெச்சுட்டேன்." துண்டை மடித்துக் கீழே வைத்தான். "உங்க மேல கோவம் வருது. என் மேலயும் வருது. என்ன சொல்றதுன்னு தெரியல. இப்ப நீங்க போங்க, நிஷிவாகி சான்."

அவள் தலையைத் தரை தொடக் குனிந்துவிட்டு எழுந்தாள். செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "பதினாறாம் தேதி வழியனுப்பும்போது வாங்க. சித்திக்கு இந்த ஊர்ல வேற யாரும் இல்ல."

பதினாறாம் தேதி போனாள். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும், "ஊருக்கு வர்றப்பெல்லாம் சித்தி சொல்லிச் சிரிப்பாங்க. எங்க சந்துல திட்டினா நன்றி சொல்லணும்டான்னு" என்றான். இகுயோ படத்தைப் பார்த்தாள். அத்தனை வருஷமும் சந்து அவளைப் பார்த்துச் சிரித்தது என்றுதான் நினைத்திருந்தாள். அவளும் சந்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அது தெரியாமலே பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தாயிற்று.

செப்டம்பரில் குவாபரா வீட்டை இடித்தார்கள். அந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கருங்கல் ஜல்லி கொட்டினார்கள். இகுயோவின் ஜன்னலுக்கு முன்னால் இப்போது வெளிச்சமும் காற்றும் தாராளமாக வந்தன. அவள் அங்கே இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த கோடையை உடம்பு தாங்காது என்பது அவளுக்கே தெரிந்தது. அதை மட்டும் காரணமாக வைத்துக்கொண்டு, ஒளித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாமல், குஷிரோவுக்குக் குடி போகிறேன் என்று ஒபாட்டாவுக்கு எழுதினாள். பனி விழுவதற்குள் வந்துவிடுங்கள் என்று பதில் வந்தது. கணவரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்தாள். வழி தெரிந்துகொள்ளட்டும் என்று விமானத்தில் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

புது வீட்டுக்குப் போன மறுநாள், புதிதாகக் குடிவந்தவர்கள் கொடுக்கும் வழக்கப்படி அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு கைத்துண்டு எடுத்துக்கொண்டு போனாள். இடது பக்க வீட்டில் ஆளில்லை. வலது பக்கம் நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஹிராகா என்கிற கிழவர், காகித ஆலையில் வேலை பார்த்தவராம்.

"பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கேன். நிஷிவாகி. என்னால ஏதாவது தொந்தரவுன்னா நேரா சொல்லிடுங்க."

"என்னது?" என்றார் அவர், காதுக்குப் பின்னால் கையை வைத்து.

இகுயோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கத்தினாள். "தொந்தரவுன்னா நேரா சொல்லிடுங்க! ஒரு நாள் பூரா நான் வெளிய தலை காட்டலேன்னா, வந்து கதவைத் தட்டுங்க!"

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தட்டறேன். ஆனா நீங்க என் கதவத் தட்டிப் பிரயோஜனம் இல்ல, கேக்காது. நேரா உள்ள வந்துடுங்க. செருப்ப மட்டும் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அவள் தன் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. ஆளில்லாத வீட்டுக்காரர் யாரோ, எப்போது வருவாரோ தெரியாது. அதை மடித்து வாசல் அலமாரியில் வைத்தாள். அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கிழவரின் டிவியில் செய்தி அலறத் தொடங்கியது. ஒரு சொல் விடாமல் கேட்டது. நாளைக்குப் போய்ச் சொல்லலாம். இன்றைக்கு அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று, வேகிற சோற்றின் முன்னால் அவள் அந்தச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.