கொட்டகைக்குள் ஒரு சாயங்காலம்

அவன் நாடக அரங்கத்தில் விளக்குக்காரனாக இருந்தவன். மழைக்கு முன் கறுக்கும் வானமும், கதாநாயகி திரும்பிப் பார்க்கும்போது அவள் முகத்தில் விழும் வெளிச்சமும் அவன் விரல்நுனியில் இருந்தன. அரங்கத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டியபோது, விரல்நுனியில் இருந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. மனைவிதான் வழி சொன்னாள். அம்மாவின் முட்டைக்கோழிப் பண்ணையில் ஆள் வேண்டியிருக்கிறது, கொஞ்ச நாள் போய் இருப்போம் என்றாள்.

பண்ணையில் அவன் கை பட்ட வேலை எதுவும் உருப்படவில்லை. முட்டை எடுக்கப் போனால் கோழி கொத்தியது. முட்டை அட்டைகளை அடுக்கித் தூக்கினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒருநாள் தண்ணீர்க் குழாயை மூட மறந்து, தரையில் பரப்பியிருந்த மரத்தூளை ஒரு மூலை முழுக்கச் சேறாக்கினான். மாமியார் திட்டமாட்டார். பேசாமல் பக்கத்தில் வந்து, அவன் கையிலிருக்கும் வேலையை வாங்கி, தானே முடித்துவிட்டுப் போய்விடுவார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும் அவனுக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கொட்டகையின் பழைய டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட ஆரம்பித்தன. முட்டைக்கோழிக்குப் பகல் வெளிச்சம் மட்டும் போதாது. இருட்டான கொட்டகையில் பகலிலும், பொழுது சாய்ந்த பிறகு கொஞ்ச நேரமும் விளக்கு எரிந்தால்தான் ஒழுங்காக முட்டையிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்இடி போட்டுவிடலாம் என்று மாமியார் முடிவு செய்தார்.

"விளக்கு உங்க வேலைதானே மாப்பிள்ளை. நீங்களே பாத்துக்கங்க" என்றார்.

அன்று அவன் சாப்பிடும்போதுகூடச் சிரித்த முகமாக இருந்ததாக மனைவி பிற்பாடு சொன்னாள்.

மின்சாமான் கடையில் இருந்ததிலேயே பளீரென்று எரியும் வெள்ளை பல்புகளாகப் பார்த்து எடுத்தான். இதைவிட வெளிச்சம் வேண்டுமென்றால் சூரியனைத்தான் கழற்றிக்கொண்டு வரவேண்டும் என்றார் கடைக்காரர். கம்பி இழுத்து, பல்பு மாட்டி, முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது, கொட்டகை ஆபரேஷன் அறை மாதிரி ஆகிவிட்டது. அத்தனை கோழிகளும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவனுக்குத் திரை விலகிய மாதிரி இருந்தது.

மாமியார் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருடமாகக் கண்ணில் படாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒட்டடை முழுக்க இப்போது வெள்ளையாகத் தெரிந்தது. "சுத்தமாத்தான் வச்சிருக்கேன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பத்தை எடுக்கப் போனார். அவர் சந்தோஷப்பட்டாரா வருத்தப்பட்டாரா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு வாரம் போவதற்குள் கோழிகளின் குணம் மாறியது. காரணமில்லாமல் அங்கும் இங்கும் ஓடின. ஒன்றின் வாலை ஒன்று கொத்திப் பிடுங்கியது. எங்காவது ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் போதும், பத்து கோழி அதன்மேல் பாய்ந்தது. கோழிகள் புகுந்து முட்டையிடும் பெட்டிகளின் வாசலில் நேராக வெளிச்சம் அடித்ததால், பல கோழிகள் பெட்டிக்குள் போகாமல் தீவனத் தொட்டியின் நிழலில் தரையிலேயே முட்டையிட்டன. மனைவி விடிந்ததும் எழுந்து, அம்மா வருவதற்குமுன் தரை முட்டைகளைப் பொறுக்கி மறைத்தாள். அம்மா அதற்கும் முன்பே எழுந்து, மகள் பொறுக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

கொட்டகையைக் கழுவிய நாளில் வேறு, பாதி பல்புகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பட்டென்று அணைந்தன.

கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தார்கள். அவர் கோழிகளைத் தூக்கிப் பார்த்தார், தீவனத்தை முகர்ந்து பார்த்தார், நோய் எதுவும் இல்லை என்றார். பிறகு மேலே பார்த்தார். செல்போனை எடுத்து, மெதுவாக ஓடும் வீடியோவில் ஒரு பல்பைப் படம்பிடித்து அவனிடம் காட்டினார். சீராக எரிவதாக அவன் நினைத்திருந்த விளக்கு, படத்தில் விட்டு விட்டு எரிந்தது.

"நம்ம கண்ணுக்கு இது தெரியாது. கோழிக் கண்ணு நம்மளைவிட வேகம். அதுங்களுக்கு இது நாள் முழுக்கச் சிமிட்டிட்டே இருந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா.

எல்லாம் அதனால்தான் என்று தான் சொல்லவரவில்லை என்றும், வெளிச்சமே அளவுக்கு மீறி இருக்கிறது, அதுவும் ஒரு காரணம் என்றும் சொன்னார். முட்டைக்கோழிக்கு இந்த நீலம் கலந்த வெள்ளை வேண்டாம். சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும் இளமஞ்சள் வெளிச்சம்தான் நல்லது என்றார்.

டாக்டரம்மா போன பிறகு அவன் மட்டும் கொட்டகையில் நின்றான். வெட்கமாக இருந்தது. அரங்கத்தில் அவன் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. விளக்கை மாட்டியதும் கீழே இறங்கி, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்ப்பான். அப்புறம்தான் கை வைப்பான். இங்கே நின்ற இடத்தில் நின்றே பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

மரத்தூளில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அது போதாது என்று குனிந்து, கோழியின் உயரத்துக்குத் தலையைக் கொண்டுவந்து பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் கொட்டகையே வேறாக இருந்தது. பெட்டி வாசலில் கண் கூசியது. தீவனத் தொட்டிக்கு அடியில் கும்மிருட்டு. ஒரு கோழி அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று சட்டைப் பொத்தானை இழுத்துப் பார்த்தது. அந்தக் கோலத்தில்தான் மாமியார் அவனைப் பார்த்தார்.

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். மடியிலிருந்த கோழி விடவில்லை.

"அத்தை, தப்புப் பண்ணிட்டேன். எனக்குப் பிடிச்ச மாதிரி லைட்டு போட்டுட்டேன். இதுங்களுக்குப் போடல."

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் குனிந்து பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல நானும் இங்க உக்காந்து பாத்ததில்ல மாப்பிள்ளை" என்றார். "அந்தத் தொட்டியடியில ஏன் முட்டையிடுதுன்னு தினமும் திட்டிட்டிருந்தேன். இங்கேந்து பாத்தா, நானே அங்கதான் இடுவேன் போல இருக்கு."

அவன் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். கோழி பயந்து இறங்கிப் போனது. அன்று அவர்கள் வெகு நேரம் பேசினார்கள். எந்த இடத்தில் கோழிகள் கூட்டம் போடும், எந்தக் கம்பில் ஏறித் தூங்கப் பிடிக்கும், எந்தப் பெட்டிக்குச் சண்டை என்பதை அவர் சொன்னார். எங்கே மாட்டினால் நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதை அவன் சொன்னான். வெளியே காத்திருந்த மனைவி, உள்ளே போன அம்மா வெகு நேரம் வராததைக் கண்டு பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து விரலால் மரத்தூளில் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை அவன் அவசரப்படவில்லை. பண்ணைகளுக்கென்றே விளக்கு விற்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, வகைக்கு ஒன்றாக மாதிரிக்கு வாங்கிவந்தான். ஒவ்வொன்றையும் செல்போனில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தான். முழு வெளிச்சத்தில் நல்ல பிள்ளையாக இருந்த சில விளக்குகள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் வைத்துக் குறைத்தவுடன் சிமிட்ட ஆரம்பித்தன. அவற்றை ஒதுக்கினான். மிச்சமிருந்தவற்றின்மேல் மனைவி குழாயைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சினாள். அதையும் தாங்கியது ஒரே வகைதான்: குழல் மாதிரி நீளமாக, இரண்டு முனையும் இறுக்கி அடைத்தது, இளமஞ்சள் நிறம். குளித்துவிட்டு வந்தது போலச் சொட்டச் சொட்ட எரிந்துகொண்டிருந்தது. சட்டையெல்லாம் நனைந்து நின்ற அவனுக்கும் அது பிடித்துப்போனது.

பழைய வெள்ளை பல்புகளில் உயிரோடு இருந்ததைத் தூக்கி எறிய மாமியாருக்கு மனம் வரவில்லை. முட்டை தரம்பிரிக்கும் அறையில் மாட்டச் சொன்னார். முடியளவு விரிசல்கூட அந்த வெளிச்சத்தில் தப்பவில்லை. ஒட்டடையும் தப்பவில்லை என்பதால் அந்த அறைக்கும் துடைப்பம் போனது.

புது விளக்குகளைத் தீவனத் தொட்டிகளுக்கு மேலே வரிசையாகவும், பெட்டிகளின் பக்கம் வெளிச்சம் நேராக விழாதபடியும் மாட்டினான். மாமியார் கேட்காத ஒன்றையும் செய்தான். இதுவரை விளக்கணைக்கும் நேரத்தில் சுவிட்சை ஒரே தட்டாகத் தட்டுவார்கள். கண் தெரியாமல் தரையிலேயே மாட்டிக்கொண்ட கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கும். இப்போது அவன் டிம்மரில் கை வைத்து, ஒரு கோடியிலிருந்து மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தான். கம்புகளுக்கு மேலிருந்த விளக்கை மட்டும் கடைசிக்கு விட்டான்.

முதலில் ஒரு கிழட்டுக் கோழி கழுத்தை நீட்டிப் பார்த்தது. தத்திக் கம்பில் ஏறியது. அதன் பின்னால் இரண்டு, அப்புறம் கூட்டமாக. இடத்துக்குக் கொஞ்சம் இடித்துக்கொண்டன, முனகின, பிறகு தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தன. வெளிச்சம் மங்க மங்க அந்த முனகலும் தேய்ந்தது. அவன் தன்னை மறந்து, நாடகத்தில் செய்வதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருகிக்கொண்டிருந்தான்.

ஒரு மாதத்தில் தரை முட்டை அரிதாகிப்போனது. கொத்துப்பட்ட கோழிகளுக்குப் புது இறகு முளைத்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் தன் கொட்டகையையும் ஒருநாள் வந்து பார்க்கும்படி மருமகனைக் கேட்டார். தன் மருமகனுக்கு இங்கேயே வேலை சரியாக இருக்கிறது என்றும், வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவைப்பதாகவும் மாமியாரே பதில் சொன்னார். "என் மருமகன்" என்று அவர் இரண்டு தடவை சொன்னதை மனைவி எண்ணிக்கொண்டாள்.

விளக்குக் குறையும் நேரத்தில் வீட்டில் எல்லோரும் கொட்டகைக்கு வந்துவிடுவது வழக்கமானது. ஒருநாள் மாமியார் தீவன மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோழிகள் ஏறின. கடைசி விளக்கும் தணிந்தது. வாசலுக்குப் போன அவனை மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். வாசல் வழியாக விழுந்த வீட்டு வெளிச்சத்தில், மூட்டைமேல் மாமியார் வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகும் ஏதாவது ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் அம்மா உட்கார்ந்த இடத்தில் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. இருவரும் அசையாமல் நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே விழித்தார்.

"தூங்கல. கண்ணை மூடிப் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர் புடவையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டு எழுந்து, வீட்டுப் பக்கம் நாலடி நடந்தார். பிறகு நின்று திரும்பினார்.

"மாப்பிள்ளை, இந்த மாதிரி ஒண்ணு என் ரூம்லயும் மாட்ட முடியுமா?"