பச்சைத் தண்ணீர் வாளி

லாண்டரியம்மாவுக்குத் தெருவில் இன்னொரு பெயரும் உண்டு: கறை டாக்டர். காபி, மை, துரு, எண்ணெய் என்று எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஒரு பார்வை பார்ப்பார். "நாளைக்கு வாங்க" என்றால் கறை போய்விடும். "பார்க்கலாம்" என்றால் சட்டைக்காரர் வேறு சட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய சலவைக் கடையில் எல்லாத் துணிக்கும் வெந்நீர். ரத்தம் பட்ட துணிக்கு மட்டும் பச்சைத் தண்ணீர். சூடு பட்டால் ரத்தம் நூலோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும் என்று மகளுக்குத் தொழில் பழக்கிய நாளிலிருந்து ஓயாமல் சொல்லிவந்தவர் அவர்.

அதே பச்சைத் தண்ணீர்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

சலவை மெஷினுக்குப் பின்னால் மூடி போட்டு ஒரு வாளி இருந்தது. சோப்புத் தூள் எடுக்கப் போன மகள் உள்ளே கையை விட்டாள். ஜில்லென்றிருந்தது. கையோடு வந்தது அம்மாவின் உள்பாவாடை.

"யாருக்கும்மா ரத்தம்?"

"கையை அறுத்துக்கிட்டேன்."

"எந்தக் கை? காட்டு."

லாண்டரியம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். பொய் சொல்லத் தெரிந்தால்தானே.

"உனக்கு நின்னு நாலு வருஷம் ஆச்சேம்மா! எத்தனை நாளா இப்படி?"

"உடம்புச் சூடுடி. தானா சரியாயிடும்."

"ஊர்ல இருக்கிற கறைக்கெல்லாம் வைத்தியம் பாக்குற, சொந்தக் கறையை மூடி போட்டு வைக்கிறியா? கிளம்பு. ஒரு டாக்டரை இன்னொரு டாக்டர் பாக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் நிதானமானவர். வயசுக்கு வந்தது எப்போது என்று கேட்டார். பதினொன்று. மாதவிலக்கு நின்றது? ஐம்பத்தைந்து.

"பிரசவம் எத்தனை?"

லாண்டரியம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "நான் ஒருத்திதான் டாக்டர். ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு."

டாக்டர் சிரித்தார். "எதுக்குக் கேக்குறேன்னா, கர்ப்பப்பையோட உள்பக்கம் மாசாமாசம் வளர்ந்து உதிருது. பிள்ளை வயித்துல இருக்கிறப்போ அதுக்கு ஓய்வு. அதனால பெத்தவங்களுக்கு அங்க புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கம்மி. பெறாதவங்களுக்கும், சீக்கிரம் வயசுக்கு வந்து லேட்டா நின்னவங்களுக்கும் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா யாரா இருந்தாலும் சரி, நின்ன பிறகு ரத்தம் பட்டா சும்மா விடக்கூடாது. சதை எடுத்துப் பாத்துடலாம்."

பெறாதவங்க. அந்தச் சொல் காதில் விழக்கூடாது என்றுதானே ஊரையே மாற்றிக்கொண்டு வந்தார்? கணவரின் மூத்த தாரம் காய்ச்சலில் போனபோது இந்த மகளுக்கு ஒன்பது மாதம். இரண்டாந்தாரமாக வந்த இவர் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கணவரும் இவருமாக இந்த ஊருக்கு வந்தார்கள். கேட்டவர்களிடம் "எங்க பொண்ணு" என்றார்கள். அது பொய்யும் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு விஷயம் தெரிந்த ஒரே வாய் இவருடையதுதான், அதையும் பூட்டிவைத்திருந்தார். எப்படியும் சதையை எடுத்துப் பார்க்கத்தானே போகிறார்கள், பெற்றால் என்ன பெறாவிட்டால் என்ன என்று இப்போதும் பேசாமல் இருந்துவிட்டார்.

மறுவாரம் முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே பிடித்தாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். லாண்டரியம்மா கலங்கவில்லை. இத்தனை காலம் சும்மா இருந்துவிட்டு இப்போது வம்பு பண்ணுகிறதா, எடுத்துத் தூரப் போடுங்கள் என்றுதான் தோன்றியது.

மகள்தான் வெளுத்துப்போயிருந்தாள். "டாக்டர், எனக்கும் வருமா?"

"பெரும்பாலும் இது பரம்பரையா வர்றதில்ல. சில குடும்பத்துல வரும். நீங்க இவங்க வயித்துல பிறந்த பொண்ணு, அதனால விசாரிச்சுடணும். அம்மா வழியில வேற யாருக்காவது இருந்திருக்கா?"

மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. அவள் கை தன்னையறியாமல் அடிவயிற்றுக்குப் போனது. லாண்டரியம்மா அந்தக் கையைப் பார்த்தார். சொன்னால் மகள் போய்விடுவாளோ என்ற பயத்தில் இத்தனை வருடம் ஓட்டியாயிற்று. சொல்லாவிட்டால் இந்த நோயின் பயம் இனி அவள் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"என்கிட்ட இருந்து அவளுக்கு எதுவும் போகாது டாக்டர்."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"நான் பெக்கல. இவளைப் பெத்தவ இவ கைக்குழந்தையா இருக்கிறப்பவே காய்ச்சல்ல போயிட்டா. நான் பின்னாடி வந்தவ."

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாண்டரியம்மாவுக்கு அவள் பக்கம் திரும்பத் துணிவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அப்போ பிரசவம்னு..."

பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"பிரசவம் இல்ல டாக்டர். பிள்ளை ஒண்ணு." குரல் உடைந்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே பேசினாள். "ஆபரேஷன் என்னைக்குன்னு சொல்லுங்க. கூட நான்தான் இருப்பேன்."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். கண் சிவந்து, முகம் கோபத்தில் ஜிவ்வென்றிருந்தது. ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்த நாட்களில் இவள் எத்தனை முறை கேட்டு நடுங்கிய வார்த்தைகளோ, அதே வார்த்தைகளை, அம்மாவின் அதே குரலில் சொன்னாள்:

"வீட்டுக்கு வா. இருக்கு உனக்கு."

லாண்டரியம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.