இடப்பக்கம் இழுக்கும் ஸ்டிக்

உதயகுமார் ஐந்தரைக்கு எழுந்தான். அலாரம் ஐந்தே முக்காலுக்கு வைத்திருந்தது. அடிக்க விடாமல் அணைத்தான். பல் துலக்கினான். கீழே இறங்கி, கேட்டில் தொங்கும் பையிலிருந்து அரை லிட்டர் பால் பாக்கெட்டை எடுத்து வந்தான். பாதியைக் காய்ச்சினான். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தான். காபியை நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். இரண்டு சட்டைகளை அலசிக் கொடியில் போட்டான். வீட்டைக் கூட்டினான். கட்டிலுக்கு வலப்பக்கம் மட்டும் கூட்டினான். இடப்பக்கம் யாரும் நடப்பதில்லை.

அன்று ஞாயிறு. காளையார்கோவிலிலிருந்து மாமியார் வரும் நாள். இந்த ஒரு வருடத்தில் ஒரு ஞாயிறு கூடத் தவறியதில்லை. அவர் தவறாமல் வருவதற்குக் காரணம் உதயகுமார் சொன்ன ஒரு பொய்.

அவன் மனைவி சத்தியப்பிரியா தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் கரும்பலகைக்குக் கீழே அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா காளியாயி மருமகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“காலையில வீட்டை விட்டுப் போறப்ப எம்மக கடைசியா என்ன மாப்ள சொன்னா?”

“அம்மாவைப் பாத்துக்கங்கன்னு சொன்னா, அத்தே.”

அவள் அப்படிச் சொல்லவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் யார் அப்படிச் சொல்வாள்? ஆனால் வாயை விட்டுப் போன சொல் ஊர் போய்ச் சேர்ந்தது. ஒப்பாரியில் ஏறியது. பதினாறாம் நாள் வந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். மகன் காளிராஜ் கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்று கூப்பிடும்போதெல்லாம் காளியாயி அதையே எடுத்து நீட்டினார்: “எம்மக என்னைய மாப்பிள்ளைகிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருக்கா. அவரத் தனியா விட்டுட்டு நான் எங்குட்டும் வரமாட்டேன்.” முட்டி வலியோடு காளையார்கோவில் வீட்டில் ஒண்டியாகக் கிடந்தார். சித்திரையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, அரைநாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தார்.

நேற்றும் காளிராஜ் போனில் கெஞ்சினான். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேக்கும் மச்சான்.”

அது பொய் என்று சொல்லலாம். சொன்னால் அத்தைக்கு மகளின் கடைசி வார்த்தை போய்விடும். இவனுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். தான் எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்பது அவனுக்குத் தெரியும்.

எட்டு மணிக்குப் படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“உங்க மாடிப்படிக்குப் பழனி மலையே தேவல மாப்ள. அங்கயாச்சும் மேல போனா முருகன் இருக்கான்.”

“குடுங்கத்தே, பைய நான் வாங்கிக்கிறேன்.”

“வேணாம், வேணாம். உங்க கையே எலும்பும் தோலுமா இருக்கு, இது தூக்கிருமாக்கும்.” அத்தை பையைத் தரையில் வைத்து உட்கார்ந்தார். மறுநாள் முதல் வருடத் தெவசம். பையிலிருந்து புதுச் சேலை, வாழையிலை, உளுந்து, வெல்லம் எல்லாம் வெளியே வந்தன. “சேலை எடுத்தாச்சு. சீயம் நான் சுட்டுருவேன். அவ அந்த டி.வி.ல வெளயாடுவாளே, அந்தக் கைப்பிடி எங்க?”

“கன்ட்ரோலரா? அது எதுக்குத்தே?”

“படையல்ல வைக்கத்தான். அவளுக்குப் புடிச்சதத்தான வைக்கணும்?”

“அது பழுது. ஸ்டிக் தேஞ்சு போச்சு.”

“அப்ப இன்னைக்கே சரி பண்ணுங்க. பழுதான சாமானப் படைக்கிற வழக்கம் எங்க வீட்டுல இல்ல. விரிசல் விட்ட தட்டுகூட வைக்கமாட்டோம். நீங்க காலேசுல இதத்தான சொல்லிக்குடுக்குறீக?”

இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் அவன் பொறுப்பு. அரைமணி நேர வேலை. சத்தியா எட்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்தக் கேம் பெட்டி அவளும் காளிராஜும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அவர்கள் அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கல்யாணத்தின்போது சீர்ச் சாமான்கள் இறங்கிய வேனில் பீரோவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் அதுவும் வந்து இறங்கியது. பெண்ணுக்குப் பொம்மையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று இவன் பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சத்தியாவும் சேர்ந்து சிரித்தாள்.

தரையில் வெள்ளைத் துண்டை விரித்தான். ஆத்தங்குடிப் பூக்கல் தரையில் ஸ்க்ரூ விழுந்தால் பூவோடு பூவாகப் போய்விடும். பிறகு தடவித்தான் எடுக்க வேண்டும். கன்ட்ரோலரைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களைக் கழற்றி வரிசையாக வைத்தான். முதுகு மூடி கழன்று வந்தது. இடப்பக்க ஸ்டிக்கின் ரப்பர் தொப்பி அவள் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு ஓரமாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து உருவினான்.

ஸ்டிக்குக்குப் பக்கவாட்டில் சின்னப் பச்சைப் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குள் ஒரு கரிப்பட்டை. அதன்மேல் தகரத்தாலான ஒரு நாக்கு உரசிக்கொண்டே போகும். ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கருவிக்குச் சொல்வது அந்த நாக்குதான். கரி தேய்ந்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும். யாரும் தொடாவிட்டாலும் திரையில் இருக்கும் ஆள் பாட்டுக்கு நடப்பான்.

பெட்டியின் மூடியை நெம்பினான். உள்ளே கரி தெரியவில்லை. கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு களிம்பு. முகர்ந்து பார்த்தான்.

“எண்ணெய்,” என்றான் தனக்குத்தானே.

உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினார். “என்ன எண்ணெ?”

“தையல் மிஷின் எண்ணெ மாதிரி இருக்கு. இதுக்குள்ள விட்டா தூசியெல்லாம் ஒட்டிக்கிட்டு இன்னும் மோசமாயிரும். யாரு விட்டான்னு...”

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். “நான்தான் மாப்ள.”

“நீங்களா?”

“அவதான் விட்டா. நான் சொல்லித்தான் விட்டா. இழுத்துக்கிட்டே போகுதும்மா, அவுகளுக்கு நேரமே இல்லங்குறாகன்னு போன்ல சொன்னா. எம் மிஷினு மக்கர் பண்ணுனா நான் எண்ணெதான விடுவேன்? ரெண்டு சொட்டு விட்டுப் பாருடின்னேன். அடுத்த நாளே போன் பண்ணி, உன் பேச்சக் கேட்டு இருந்ததும் போச்சும்மான்னு ஏசுனா. மாப்பிள்ளைகிட்டச் சொல்லிறாதடின்னு நான்தான் சொன்னேன். படிச்ச மனுசன், நம்மளப் பத்தி என்ன நெனைப்பாருன்னு.” முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “கெடுத்தது நான். சரி பண்ணுங்கன்னு வெரட்டுறதும் நான்.”

“கெடுத்தது நீங்க இல்லத்தே. எட்டு மாசமா நான் பாக்கல.”

காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தான். பதினோரு குச்சிகள் கறுப்பாயின. அதன்பிறகுதான் கரிப்பட்டை தெரிந்தது. நடுவில் ஒரு கோடு வெளுத்துப்போயிருந்தது. புதுப் பாகம் வாங்கிப் போடலாம். ஆனால் லேபில் பையன்களுக்கு அவன் வேறொரு வழியும் காட்டுவதுண்டு. நாக்கை ஊசிமுனையால் ஒரு மயிரிழை வளைத்துவிட்டால் அது தேய்ந்த கோட்டை விட்டு விலகி, தேயாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வளைத்தான். மூடினான். ஸ்க்ரூக்களை இறுக்கினான்.

டி.வி.யைப் போட்டான். அவள் விட்ட இடம் வந்தது. ஒரு குளக்கரை. தொப்பி போட்ட சின்ன உருவம். முன்பெல்லாம் திரை வந்ததுமே அது தானாக இடப்பக்கம் நகர்ந்து தண்ணீரில் இறங்கும். சத்தியா கட்டைவிரலால் வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பாள். இப்போது அது நின்றது. அவன் கன்ட்ரோலரைத் துண்டின்மேல் வைத்துவிட்டுக் கைகளை எடுத்துக்கொண்டான். அப்போதும் நின்றது. பின்னால் தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

“அடியாத்தி, நிக்கிதே!” என்றார் அத்தை. “ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லிப் படைச்சுரலாம். மாப்ள, நாளைக்கு வெளக்கேத்துனதும் அவ கடைசியாச் சொன்னத நீங்க எல்லார் முன்னாடியும் ஒரு தடவ சொல்லணும். தேவகோட்டைப் பள்ளிக்கூடத்துச் சனமும் வருது. உங்க வாயால கேக்கணும்னு சொல்லுறாக.”

உதயகுமார் டி.வி.யை அணைத்தான்.

“முடியாதுத்தே.”

“ஏன், அழுதுருவீகளோ? அழுதா அழுங்க. ஒரு வருசமா நீங்க அழுது நான் பாக்கல.”

“அவ அப்படிச் சொல்லல.”

அத்தைக்குப் புரியவில்லை. இவன் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. “அம்மாவைப் பாத்துக்கங்கன்னு அவ சொல்லல. ஆஸ்பத்திரியில நீங்க கேட்டப்ப எனக்கு வேற எதுவும் வாய்ல வரல. நானாச் சொன்னேன். அதுக்கப்புறம் மாத்த முடியல. அப்புறம்... நீங்க ஞாயித்துக்கிழம வர ஆரம்பிச்சீக.”

அத்தை சுளகைத் தள்ளி வைத்தார்.

“ஒரு வருசம் அந்த வார்த்தையில சோறு தின்னுருக்கேன் மாப்ள.”

“தெரியும்.”

“அப்ப அவ என்னதான் சொன்னா? கூட்டாதீக, கொறைக்காதீக. சொல்லுங்க.”

சொன்னான். தரையைப் பார்த்தபடி சொன்னான். அத்தை முதலில் அவன் முகத்தையே பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நிமிர்ந்தான். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கண்ணில் முட்டிக் கன்னத்தில் வழிந்தது.

“இது எம்மக. இதுதான் எம்மக பேச்சு. மத்ததெல்லாம் யாரோ பேசுன மாதிரியே இருந்துச்சு மாப்ள, நான்தான் வெளிய சொல்லல.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “காளிராஜுக்குப் போன் போட்டுக் குடுங்க. தெவசம் முடிஞ்சதும் அவன்கூடவே வாரேன்னு சொல்லுறேன்.”

அவன் தலையாட்டினான். எண்ணைத் தேடி எடுத்துப் போனை நீட்டினான். அத்தை அதை வாங்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே.”

உதயகுமார் சொன்னான்:

“மோட்டாரப் போட்டுருக்கேன், டேங்க் வழியறதுக்குள்ள அமத்திருங்க. போன வாரம் மாதிரி போனப் பாத்துக்கிட்டு நிக்காதீக, கீழ்வீட்டு ஆச்சி என்னையத்தான் வையுறாக.”