கையெழுத்துக்கு வந்தவர்கள்

"இதுல ஒரு கையெழுத்தப் போடு, தங்கச்சி. நேரமாவுது," என்று கூறிப் பரமநாதன் ஒரு தாளைத் தம் தங்கையின் உணவு மேசைமீது விரித்தார். ஏழு மாடிகளைப் படியேறி வந்ததால் அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மணி எட்டரை. மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கான வேட்புமனுவை அன்று காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே அளித்தாக வேண்டும். கனகேஸ்வரியின் கையிலிருந்த கோப்பில் அவளுடைய மனு ஆயத்தமாக இருந்தது. அதில் அவளை முன்மொழிந்த ஆசியா பீவியும் வழிமொழிந்த ரோசம்மாவும் அவளோடு புறப்படுவதற்காக அங்கேயே நின்றிருந்தனர்.

கனகேஸ்வரி தாளை எடுத்துப் படித்தாள். கணவனை இழந்தவளாகிய தான், குடும்ப மரபினை மதித்து, வேட்பாளர் பொறுப்பிலிருந்து மனமுவந்து விலகுவதாக அதில் எழுதியிருந்தது.

"மனமுவந்தா? யாரு மனசு, அண்ணே?"

"கோயில்லேருந்து ஊர்வலம் கெளம்புது. மாலையப் போட்டுக்கிட்டு நீ முன்னால நடந்தா சனம் என்ன பேசும்? சகுனம்னு ஒண்ணு இருக்குல்ல? ஒனக்குப் பதிலா நான் நிக்கிறேன். ஒரே வீட்டு ஆளுதானே!"

அவருக்குப் பக்கத்தில் கட்சியின் செயலாளர் அப்புத்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

கனகேஸ்வரி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். கணவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கட்சியின் மகளிர் பிரிவுக்கு, பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் பகுதியில், அவள் தலைவியாகிப் பத்தாண்டுகள். அந்த அடுக்குமாடிகளில் வாழ்ந்த பெண்கள் பலர், பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத் தொழிற்சாலைக்குச் செல்வார்கள். அப்படிப் பூட்டிய வீடொன்றில் மூன்று வயதுக் குழந்தை வெந்நீர் கொட்டி வெந்துபோன நாள்முதல், குழந்தைகள் காப்பகம் ஒன்று வேண்டுமென அவள் மனுவோடு அலைந்தாள். ஆறு முறை சென்றாள். ஆறு முறையும், "உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் எங்கே?" என்றே அதிகாரிகள் கேட்டனர். உறுப்பினர் எவரும் கடிதம் தரவில்லை. ஆதலால் தானே உறுப்பினராவதென்று துணிந்தாள்.

கட்சி அவளுக்கு உடனே இடமளித்தது. மூன்று முறை தோற்ற தொகுதி அது. எந்த ஆணும் அதனை விரும்பவில்லை. பெண்களுக்கு வாய்ப்பளித்த பெருமையை மட்டும் மேடைதோறும் பேசினார்கள். ஆனால், நான்கு நாள்களுக்குமுன் எதிர்க்கட்சி இரண்டாக உடைந்தது. வாக்குகள் சிதறும், தொகுதி கைக்கு வரும் என்பது தெளிவாயிற்று. அன்று மாலைதான் அவள் விதவை என்பது அவளுடைய அண்ணன் உள்ளிட்ட கட்சிப் பெரியவர்களின் நினைவுக்கு வந்தது. தோற்கும் தொகுதியில் இல்லாத அமங்கலம் வெல்லும் தொகுதியில் எப்படி முளைத்ததென்று அவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

"தோக்கிற சீட்டா இருந்தப்ப என் நெத்தி ஒங்க கண்ணுல படலியா, அண்ணே? இதே வெள்ளச் சேலையோடதானே ரெண்டு எலக்சன்ல ஒங்க ஆளுங்களுக்கு ஓட்டுக் கேட்டேன்?"

"அக்கா, கோவப்படாதீங்க லா," என்று அப்புத்துரை குழைந்தார். "நீங்க இல்லாம கட்சியா? சாப்பாடு, வீடு வீடாப் போறது, எல்லாம் நீங்கதான் பாக்கணும்."

"ஆமா லா," என்றாள் ரோசம்மா. "மீ கோரேங் பெரட்டுறதுக்குச் சகுனம் கெடையாது."

அப்புத்துரை அதற்குமேல் வாதாடவில்லை. பரமநாதன் பெயரில் நிரப்பிய வேறொரு மனுவை எடுத்து அப்பெண்களிடம் நீட்டினார். "சரி, நீங்க ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போடுங்க. சீக்கிரம்."

அத்தொகுதியின் வாக்காளர்களே ஒருவரை முன்மொழியவும் வழிமொழியவும் முடியும் என்பது சட்டம். பரமநாதன் தீவின் வேறு பகுதியான புலாவ் டிக்குஸில் வாழ்பவர். அப்புத்துரைக்கு நகரத்தில் வீடு. அவர்களோடு வந்து கீழே காரில் காத்திருந்த மூவருக்கும் இங்கு வாக்கு இல்லை. கூட்டத்திற்குத் தேநீர் வந்துவிடும் என்று எண்ணுவதுபோல, பெண்களின் கையெழுத்தும் வந்துவிடும் என்று அவர்கள் எண்ணியிருந்தனர்.

ஆசியா பீவி அத்தாளை வாங்கவேயில்லை. "லிப்ட்டு கெட்டு ஆறு மாசம், தம்பி. இவரு இன்னிக்குத்தான் ஏறி வந்திருக்காரு. இவருக்கு நான் எப்புடி லா போடுறது?"

"ரோசம்மா, ஒன் வீட்டுக்காரரு வின்சென்ட்டு எங்க?" என்றார் அப்புத்துரை.

"பிறையில. ஓவர்டைம் முடிச்சு, பெரி ஏறி வர பத்தரை ஆவும். காத்திருக்கீங்களா, அண்ணே?"

தீவையும் அக்கரையிலுள்ள பிறையையும் இணைக்கும் பினாங்குப் பாலம் கட்டி முடியாத காலம் அது. அப்புத்துரை நடைபாதையில் எட்டிப் பார்த்தார். கதவுகள் வரிசையாக இருந்தன. எந்தக் கதவின்பின் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. அழைப்பதற்கு ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

அவர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். "கட்சிக் கடிதம் எங்கிட்ட இருக்கு. இது இல்லாம சின்னம் கெடையாது."

"ஒங்க ஆளுக்குக் கையெழுத்துக் கெடையாது," என்றாள் கனகேஸ்வரி. "கடிதத்தக் குடுங்க. கட்சிக்கு ஒரு ஆளாவது நிக்கும்."

அப்புத்துரை பரமநாதனைப் பார்த்தார்.

"ஒருத்தரும் நிக்காட்டியும் பரவால்ல," என்றார் பரமநாதன். "எங்க குடும்பத்துப் பொம்பள மூளிக் கழுத்துல மாலையோட தெருவுல போக வேணாம்."

கடிதம் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. பரமநாதன் எழுந்து வாசலை மறித்து நின்றார். "அப்பா இருந்திருந்தா..."

"அப்பா இருந்திருந்தா, அண்ணன் படியேறி வந்திருக்கான், மொதல்ல தண்ணி குடுன்னிருப்பாரு. மேசையில இருக்கு, குடிங்க. இப்ப வழிய விடுங்க."

அவர் நகரவில்லை. ஆசியா பீவி தன் அகன்ற உடலோடு, "தள்ளுங்க, தம்பி," என்று நேரே நடந்தாள். அவர் ஒதுங்க வேண்டியதாயிற்று.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கனகேஸ்வரி சுயேச்சை வேட்பாளராகத் தன் மனுவை அளித்தாள்.

மறுநாள் செய்தித்தாளில் அப்புத்துரையின் அறிக்கை வெளிவந்தது: "அத்தொகுதிக்குத் தகுதியுடைய வேட்பாளர் கிடைக்காமையால் எமது கட்சி அங்குப் போட்டியிடவில்லை."

ரோசம்மா அதனை உரக்கப் படித்தாள். ஆசியா பீவி ஒரு வசவைச் சொல்லிவிட்டு, "வாங்க, போவோம்," என்றாள். மூவரும் மேல்மாடிக்கு ஏறி முதற் கதவைத் தட்டினர்.

தொழிற்சாலைச் சீருடையில் ஓர் இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். கனகேஸ்வரியைக் கண்டதும் சிரித்தாள். "வாங்கக்கா. இந்தத் தடவ யாருக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கீங்க?"

"எனக்கு," என்றாள் கனகேஸ்வரி.