இழவுக்குக் காய்ச்சிய பீர்

கூரோவின் நாக்குக்குப் பயப்படாத வீடு அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. டிசம்பர் பிறந்து வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் பீர் காய்ச்சத் தொடங்கிவிட்டால், பீப்பாயை அடைப்பதற்கு முன் அவளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வார்கள். கூப்பிடாமல் விட்டால் என்னத்தையோ மறைக்கிறான் என்று பேச்சு வரும். கூப்பிட்டால் மானம் போகும். பக்கத்துப் பண்ணை ஹால்டோரின் பீரை ஒரு வருஷம் குடித்துவிட்டு, "எதுக்கும் இது யார் விட்டதுன்னு பசுமாட்டையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவனே அதைப் பதினோரு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். வேறென்ன செய்வான் பாவம். அவளிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டே "குடிக்கலாம்" என்ற ஒரு சொல்தான்.

அவள் புருஷன் சேவட்டுக்குக் கை உண்டு, நாக்கு கிடையாது. ஜூனிப்பர் தழை போட்டு வெந்நீர் வைப்பது, முளைகட்டி உலர்த்திய பார்லியை ஊறவைப்பது, வடிப்பது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். ஆனால் ஆனது நல்ல பீரா இல்லையா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். கிண்ணத்தை அவளிடம் நீட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். இருபத்தெட்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அந்த வருஷம் கூரோ படுக்கையில் இருந்தாள். இலையுதிர் காலத்தில் வயிற்றில் தொடங்கிய வலி ஆளை அரைப்பங்காக ஆக்கியிருந்தது. கணப்படுப்புக்குப் பக்கத்தில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தான். டிசம்பர் முதல் வாரம் ஹார்டாங்கர் கழிமுகத்தைப் படகில் தாண்டி வந்த டாக்டர், அவளிடம் மருந்தைக் கொடுத்து இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு படகுத்துறை வரை கூடவே வந்த சேவட்டிடம், கிறிஸ்துமஸ் தாண்டினால் அதிசயம் என்றும், இதை அவளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்றும் சொன்னார்.

சேவட் அன்றைக்கு வீட்டுக்குள் வராமல் நேராகத் தானிய அறைக்குப் போனான். கோடை முழுக்க மழை கொட்டிய வருஷம் அது. பார்லி ஒரு தடவை காய்ச்சத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் பீர் ஊற்றாத இழவு வீடு என்று ஒன்று கிடையாது. உறவுக்காரர்கள் பனியில் படகேறி வருவார்கள். வந்தவர்களை வறண்ட தொண்டையோடு அனுப்பினால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். கிறிஸ்துமஸ் பீர் இளசு, அந்த விடுமுறையோடு தீர்ந்துவிடும். இழவு எந்த நாளில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் இருந்த தானியம் அத்தனையையும் கொட்டினான். கெடாமல் ஆறு வாரம் தாங்கட்டும் என்று கசப்பேற்றும் ஹாப்ஸ் பூவை இரண்டு மடங்கு போட்டான். நோயாளி நாக்குக்குக் கசப்பு எங்கே தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஈஸ்டை ஊற்றும்போது வாய்விட்டுக் கத்த வேண்டும். கத்தினால்தான் பீருக்கு ஆவேசம் வரும் என்பார்கள். மற்ற வருஷங்களில் சேவட் கத்துகிற கத்தலில் ஹால்டோரின் நாய் பதில் குரைக்கும். இந்தத் தடவை அவன் கத்தவில்லை. சும்மா ஊற்றிவிட்டு மூடிவைத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் பீரைப் பீப்பாய்களுக்கு மாற்றினான். வாசம் பிடித்து அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். அதற்கு அழைப்பெல்லாம் கிடையாது. ஹால்டோரும் அவன் மனைவி மார்த்தாவும் கட்டிலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இன்னும் நாலைந்து பேர் கதவோரம் நின்றார்கள். உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சியும் மெல்லிய காய்ந்த ரொட்டியும் வைத்திருந்தான். கூரோ ருசி பார்க்காமல் யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை.

அவள் தலையணையை நிமிர்த்தச் சொல்லி, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு மரக்கிண்ணத்தை வாங்கினாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் பழைய களை வந்தது. முதல் மிடறை வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். இரண்டாவதை ரொட்டித் துண்டோடு குடித்தாள். கிண்ணம் கைச்சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாகட்டும் என்று காத்திருந்து மூன்றாவதைக் குடித்தாள். அதற்குள் ஹால்டோர், எப்படியும் தன் பீரைவிட மோசமாக இருக்க வழியில்லை, பயப்படாமல் சொல்லலாம் என்று கிண்டல் செய்தான். எல்லாரும் சிரித்தார்கள். கூரோ சிரிக்கவில்லை.

"பூ எவ்வளவு போட்டே?" என்று சேவட்டைக் கேட்டாள்.

"எப்பவும் போடுறதுதான்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றவர்களிடம் போய்விட்டான். அவள் கிண்ணத்துக்குள் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "குடிக்கலாம்" என்றாள். எல்லாருக்கும் சந்தோஷம். கிண்ணம் சுற்றிவந்தது, பேச்சு வளர்ந்தது. கூரோவுக்கு நாக்கு இன்னும் அப்படியே இருக்கிறது, ஆள் எழுந்துவிடுவாள் என்று மார்த்தா போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். வெளியே நாலு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு சேவட் திரும்பியபோது கூரோ அதே கிண்ணத்தை மடியில் வைத்திருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஜனவரி மாதக் கடைசியில் நடக்கலாம் என்று சொன்னதாக ஆரம்பித்தான். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"உங்கப்பா செத்தப்போ காய்ச்சினது எனக்கு மறக்கலை சேவட். இதே கசப்பு. கிறிஸ்துமஸ் பீரை யாரும் இப்படிக் கெட்டியாக் காய்ச்ச மாட்டாங்க. ஈஸ்ட் போடுறப்போ நீ கத்துவேன்னு படுத்துக்கிட்டே காதைக் கொடுத்துக்கிட்டிருந்தேன். கத்தலை. அப்பவே ஏதோ சரியில்லைன்னு பட்டுச்சு."

சேவட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"நீ சொல்லியிருக்கலாம்" என்றாள். "ஊரே என் வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அவங்க முன்னாடியா எனக்கு இது தெரியணும்?"

டாக்டர் சொல்ல வேண்டாம் என்றது, பார்லி ஒரு தடவைக்குத்தான் இருந்தது, இரண்டுக்கும் ஆகட்டும் என்று செய்தது எல்லாவற்றையும் அவன் கொட்டினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டுக்கும் ஆகாது. இது வர்றவங்களுக்கு. எனக்குன்னு இந்த வருஷம் நீ காய்ச்சவே இல்லை. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்" என்றாள். பிறகு குரல் கொஞ்சம் இளகியது. "போகட்டும். மூணு பீப்பாயையும் கிறிஸ்துமஸுக்கே திற. என் தங்கச்சி வீட்டுக்கு, உன் அண்ணன் வீட்டுக்கு, எல்லாருக்கும் சொல்லி அனுப்பு. எப்படியும் வரப்போறவங்கதானே, இப்பவே வரட்டும். நானும் கூட உக்காந்து குடிக்கிறேன்."

"அப்புறம் வர்றவங்களுக்கு என்ன ஊத்துறது?"

வாயைவிட்டுப் போன பிறகுதான் சேவட்டுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. வேண்டுமென்று சொல்லவில்லை. பத்து நாளாக மண்டைக்குள் அந்த ஒரு கணக்கோடு நடமாடிக்கொண்டிருந்தவனுக்கு அதுவே வாயில் வந்துவிட்டது. நாக்கைப் பிடுங்கி அடுப்பில் போட்டாலும் ஆறாது.

கூரோ அவனைப் பார்த்தாள். கோபத்தைக் காணோம். கோபப்பட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"ஆமா. அதுவும் சரிதான்" என்றாள். கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு சேவட் ஒரு பீப்பாயைத் திறந்தான். மூன்றையும் திறக்கிறேன், அண்ணனுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்று அவள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினான். வேண்டாம், பனி அதிகம், எதற்கு அவர்களைச் சிரமப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டாள். தனக்குப் பால் போதும் என்றாள். அன்று மாலை ஹால்டோர் தன் பீரை ஒரு ஜாடியில் கொண்டுவந்தான். அவளிடம் திட்டு வாங்கி ஒரு வருஷம் ஆகிறதே என்றான். கூரோ அதை வாங்கி அரை ஜாடி குடித்தாள். ஒரு குத்தல் இல்லை, ஒரு கேலி இல்லை. "நன்றி ஹால்டோர்" என்று மட்டும் சொன்னாள். ஹால்டோருக்கு முகம் வெளுத்துவிட்டது. எதிரே சேவட் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி அவள் பிப்ரவரி மூன்றாம் தேதி வரை இருந்தாள். அந்த ஆறு வாரமும் கன்றுக்குட்டியைப் பற்றி, வைக்கோலைப் பற்றி, கூரையில் ஏறிய பனியைப் பற்றி அவனிடம் பேசினாள். சிரித்ததுகூட உண்டு. அந்தச் சாயங்காலத்துப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவன் எடுக்க வாய் திறந்தபோதெல்லாம் தண்ணீர் கேட்டாள்.

உறைந்த மண்ணை நெருப்பு மூட்டி இளக்கித்தான் குழி வெட்டினார்கள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று படகு நிறைய ஆட்கள் வந்தார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும், வழக்கப்படி வீட்டுக்காரன் முதலில் குடித்துவிட்டு, பீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கிண்ணத்தைச் சுற்றுக்கு விட வேண்டும். சேவட் ஒரு மிடறு குடித்தான். இன்னொரு மிடறு குடித்தான். எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியலை" என்றான். "நீங்களே பாத்துக்கோங்க."

கிண்ணம் கைமாறியது. நல்ல பீர், கெட்டியான பீர், இந்தக் குளிருக்கு ஏற்ற பீர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இழவு வீட்டில் வேறெதுவும் யாரும் சொல்வதில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு பீப்பாயும் காலியாயின. வந்தவர்கள் ஒருவருக்கும் குறை வைக்கவில்லை என்று அவன் அண்ணன் முதுகில் தட்டிச் சொன்னான்.