இட்லிப்பூவுக்கு ஊற்றிய தண்ணீர்

“செடி செத்ததுக்கு எங்கப்பா காரணமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.”

யாழினி கேட்டேவிட்டாள். காலையில் பஸ் ஏறும்போதே அப்பா அர்த்தநாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “மொதலாளிகிட்ட என்ன வேணா கேளு கண்ணு. எழுத்துல மட்டும் கேட்டுறாத.” பத்தொன்பது வருடமாக அந்தப் பனியன் கம்பெனிக்கு அவர்தான் தோட்டக்காரர். இப்போது செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏசி அறையில் மகளுக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றார்.

முதலாளி தரணீதரன் போனைக் கவிழ்த்து வைத்தார். “ஏம்மா, நீ வேலை பாக்கறது கம்பெனிலயா, கோர்ட்லயா?”

கட்டிங் செக்சனுக்கும் மதிலுக்கும் நடுவே வெயிலே விழாத சந்து ஒன்று. ரோஜா, செம்பருத்தி எதுவும் அங்கே பிழைக்கவில்லை. அர்த்தநாரிதான் இட்லிப்பூச் செடிகளைக் கொண்டுவந்து வைத்தார். நிழலில் பூ கொஞ்சம் குறையும், செடி சாகாது. கேண்டீன் டீத்தூள் சக்கையை வேரில் போட்டுப் போட்டு இலையைக் கரும்பச்சையாக வைத்திருந்தார். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் வரும்போதெல்லாம் மேனேஜர் செடியை மட்டமாக வெட்டச் சொல்வார். வெட்டினால் காய் பிடிக்காது. அதனால் மதிலோரம் ஒரு வரிசையை மட்டும் அர்த்தநாரி தப்பவிடுவார். அதில் காய் கறுத்துப் பழுத்ததும் டெய்லர் பெண்கள் மதியச் சோற்றுக்குப் பிறகு வந்து பறித்துத் தின்பார்கள்.

போன மாசியில் சாயப்பட்டறையில் சுத்தம் செய்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். கழிவுநீரை வீணாக்கவில்லை என்று பையருக்குக் காட்டத்தான். முதல் நாளே அர்த்தநாரி உள்ளங்கையில் பிடித்து நக்கிப் பார்த்துவிட்டு, ஆபீசில் தண்ணீர் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்கும் மகளிடம் ஓடிவந்தார்.

“உப்புக் கரிக்குது கண்ணு. செடி தாங்காது.”

“லேப் ரிப்போர்ட் இருக்குதுங்கப்பா. நாந்தான் சரிபாத்துக் கையெழுத்துப் போட்டேன். நாக்கை வெச்சா தண்ணியை டெஸ்ட் பண்ணுவாங்க?”

அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் அவள். மனிதர் தன் நாக்கை விட்டுவிட்டு மகளின் பட்டத்தை நம்பினார். இரண்டு வேளையும் ஊற்றினார். இலையோரம் கருகியது. தண்ணீர் போதவில்லையென்று மூன்று வேளை ஊற்றினார். பழுக்கவிருந்த கொத்துகள் காயாகவே சுருங்கி விழுந்தன.

பராமரிப்பில் அலட்சியம் என்று நேற்று அவருக்கு மெமோ கொடுத்து, வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் யாழினிக்கு உப்பு அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகத் தோன்றியது. ரிப்போர்ட்டில் உப்பின் அளவு லிட்டருக்கு அறுநூறு மில்லிகிராம். குழாயில் நாலாயிரத்து நூறு.

“நீங்களே வாங்க சார், காட்டறேன்.”

தரணீதரன் அவளைப் பார்க்கவேயில்லை. “ஏனுங்க அர்த்தநாரி, நீங்க சொல்லுங்க. தண்ணி ஒழுங்கா ஊத்துனீங்களா? தண்ணி மேல தப்புன்னா, அதுக்குக் கையெழுத்துப் போட்டவங்க பதில் சொல்லோணும்.”

அர்த்தநாரி மகளைப் பார்த்தார்.

“இல்லீங்க. நாந்தானுங்க மறந்துட்டேன். வயசாச்சுங்க. புள்ளை ஏதோ கோவத்துல பேசுது, மனசுல வெச்சுக்காதீங்க.”

பெண்டாட்டியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய அன்று சாயங்காலமும் வந்து தண்ணீர் விட்டுப்போன மனிதர்.

“ஏனுங்கப்பா பொய் சொல்றீங்க?”

“ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம் கண்ணு.”

“பாத்தியா?” தரணீதரன் சிரித்தார். “உங்கப்பாகிட்ட இருக்கற பக்குவம் உனக்கில்ல. போ, போயி சீட்டுல உக்காரு. தண்ணி ரிப்போர்ட்டைப் பாக்க பையர் அனுப்புன ஆடிட்டர் கீழ காத்துட்டிருக்காரு.”

அழுதால் இந்த ஆள் டிஷ்யூ பெட்டியை நீட்டுவார். யாழினி அழவில்லை.

“குழாயடிக்குப் போகாம கையெழுத்துப் போட்டது நான் சார். அவரு மறக்கல. ஆடிட்டர்கிட்ட அதை நானே சொல்லிக்கறேன்.”

அர்த்தநாரி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. “வேண்டாம் கண்ணு. நாம்போறேன், நீயாச்சும் இரு.”

அந்தக் கையை அவள் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். இனி அவள் வேலையும் போகும். அப்பா எத்தனை நாள் முகம்கொடுத்துப் பேசமாட்டாரோ, தெரியாது. கதவைத் திறந்து, மாடிப்படியை நோக்கி நடந்தாள்.